10 வருஷம் தாங்கும் பெயிண்ட் எது? சேகோ ஆலையிலிருந்து ஒரு கடிதம்

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அப்பா தொடங்கிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை. இப்போது பொறுப்பு இவர் கையில். போன கோடையில் கிழங்கு கழுவும் இடத்துக்கும் அரவைக் கூடத்துக்கும் தரையில் எபாக்ஸி பெயிண்ட் (பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசுவது) அடித்திருக்கிறார். எட்டு மாதத்துக்குள் கொப்புளம் கிளம்பி, இப்போது தோல் தோலாக உரிகிறது. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸுக்கு வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் ரெட் ஆக்சைடும் எனாமலும் அடிக்கிறார்கள். அடுத்த பூஜைக்குள் துரு வந்துவிடுகிறது. ஒரு கம்பெனி விற்பனையாளர் வந்து, தரை, தூண், டிரஸ், பால் தொட்டி (அரைத்த கிழங்கின் மாவுப்பால் நிற்கும் தொட்டி) எல்லாவற்றுக்கும் ஒரே எபாக்ஸி போதும், 10 வருட கேரண்டி என்கிறார். “எதுக்குடா அவ்வளவு செலவு, வருஷா வருஷம் எனாமல் அடிச்சாப் போதாதா” என்கிறார் அப்பா. சீசன் முடிந்து ஆலை நிற்கப்போவது 25 நாள்.

அவருடைய கேள்விகள் மூன்று. எந்தப் பெயிண்ட் வாங்குவது? போன வருடத்து காண்ட்ராக்டரை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியுமா? ஏற்காட்டில் மச்சானின் காபி பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) ஷெட்டுக்கும் இதே பெயிண்ட் ஆகுமா? இவற்றுக்கு நடுவில், போகிற போக்கில் ஒரு வரியும் இருக்கிறது: “தண்ணீர்த் தொட்டிக்குள் பெயிண்ட் அடித்த பையன் மயங்கிவிட்டான், இன்னொருவர் இறங்கித் தூக்கிவந்து காற்றாட உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது.”

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்காத அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன்.

தொட்டிக்குள் மயங்கிய பையன்

அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். பெயிண்டிலும் தின்னரிலும் இருக்கும் சைலீன், டொலுவீன் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே மூடி திறந்திருந்தாலும் அது எழும்பி வெளியே போகாது. அடியில், வேலை செய்கிறவரின் மூக்கு இருக்கும் மட்டத்தில் தேங்கி நிற்கும். முதலில் தலை சுற்றும், அப்புறம் நினைவு தப்பும். ஒரு பீடியோ, சாதாரண பல்பின் ஒயரில் வரும் ஒரு பொறியோ போதும், தீப்பிடிக்கவும் செய்யும். உங்கள் ஆலையில் கழிவுநீர்க் குழிகளும் இருக்கும். அங்கே புளித்த நீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும் ஆபத்து தனி. கூமுட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அதிகமானால் நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவர்கள் பலர் திரும்பவில்லை.

இனி உங்கள் ஆலையில் எந்தத் தொட்டிக்குள் யார் இறங்கினாலும் இவை இருக்கட்டும். அடிமட்டத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பிளோயர், வேலை முடிகிற வரையிலும் பெயிண்ட் காயும் வரையிலும் ஓட வேண்டும். இறங்குவதற்கு முன்னால் கேஸ் மீட்டரால் காற்றைச் சோதிக்க வேண்டும். கை விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஆவி தேங்கும் இடம் என்பதால் அது பொறி தெறிக்காத வகை விளக்காகவும் இருக்க வேண்டும். இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் பெல்ட் போட்டு, அதன் கயிறு வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். அந்த வெளியாள் வேறு எந்த வேலைக்கும் நகரக் கூடாது. உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால்தான் இழுக்க வேண்டும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்து இறப்பதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உங்கள் ஆலையில் அன்று இன்னொருவர் இறங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு உயிர் போயிருக்கும்.

இதைச் செய்து தர முடியாத காண்ட்ராக்டர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் வேண்டாம்.

உரிந்த சில்லு சொல்லும் கதை

இப்போது தரைக்கு வருவோம். “எபாக்ஸியே மோசம்” என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அதை ஒத்திவையுங்கள். உரிந்த சில்லு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தால், தரையின் மேல் படிந்த பலமில்லாத சிமெண்ட் பாலைக் கிரைண்டிங் செய்து எடுக்காமலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் சிமெண்டைப் பிடித்துக்கொண்டது, அந்தச் சிமெண்டுக்குத்தான் தரையோடு பிடிப்பு இல்லை. பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், அடியில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கும். கொப்புளத்தைக் குத்தினால் நீர் கசிகிறதா? தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. சில்லு ரப்பர் மாதிரி பிசுபிசுக்கிறதா? ஹார்டனரை அளந்து கலக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களில் பின்பக்கம் தூள் தெரிகிறது. கூடவே, அடித்த இரண்டாம் நாளே தரையில் தண்ணீர் விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எபாக்ஸி மறுநாள் காலில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் ரசாயனத்தைத் தாங்கும் அளவுக்கு அது முழுதாக இறுகச் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 7 நாள் வேண்டும். ஆக, போன வருடம் உங்களைக் கைவிட்டது டப்பாவில் இருந்த சரக்கு அல்ல. அதற்கு முன்னும் பின்னும் செய்யாமல் விட்ட வேலைதான்.

ஆனாலும் அந்த இடத்தில் அதே பெயிண்டை ஒழுங்காக அடித்திருந்தாலும் நெடுநாள் நின்றிருக்காது. காரணம் கிழங்குத் தண்ணீர். மாவுநீர் தேங்கியதும் புளிக்கிறது, அதில் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் உண்டாகின்றன. அமிலத்தைக் காட்டும் பி.எச். தாள் ஒன்றை உங்கள் வடிகாலில் நனைத்துப் பாருங்கள்; சேகோ ஆலைக் கழிவுநீர் பெரும்பாலும் 4, 5 என்றுதான் காட்டும் (7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்). கான்கிரீட்டின் சுண்ணாம்பை அமிலம் கரைக்கிறது. அதனால்தான் பழைய ஆலைகளின் தரையில் சிமெண்ட் போய் ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் குச்சிக்கிழங்கோடு வரும் மண்ணும் மணலும் நாள் முழுக்க உரசுகின்றன. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத பெயிண்ட் படலத்தில் மணல் ஒரு கீறல் போட்டால் போதும், அமிலம் உள்ளே போய் அடியிலிருந்து தூக்கிவிடும்.

இடத்துக்கு இடம் வேறு

ஆகவே ‘எந்தப் பெயிண்ட்’ என்ற கேள்விக்கு முன்னால், ஆலையின் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அதை எது தின்கிறது என்று எழுதுங்கள்: அமிலமா, உரசலா, சூடா, வெயிலா, வெறும் ஈரக் காற்றா? விற்பனையாளர் சொல்லும் ஒரே எபாக்ஸி இவை எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது.

கழுவும் இடமும் அரவைக் கூடமும்: இங்கே பெயிண்ட் வேண்டாம். பி.யூ. கான்கிரீட் என்று கேளுங்கள். பாலியூரித்தேன் பிசினும் சிமெண்டும் ஜல்லித்தூளும் கலந்து 6 மி.மீ. தடிமனுக்குப் போடுவது, கொதிநீர் கொட்டும் இடத்தில் 9 மி.மீ. பால் பண்ணைகளில் லாக்டிக் அமிலமும் சுடுநீரும் படும் தரைக்கு இதைத்தான் போடுகிறார்கள். லேசான ஈரமுள்ள கான்கிரீட்டிலும் பிடிக்கும், சீக்கிரம் இறுகும். உங்கள் 25 நாளுக்கு அது பெரிய வசதி. அமிலம் தின்று பலமிழந்த கான்கிரீட்டை முதலில் வெட்டி எடுத்து, தண்ணீர் தேங்காதபடி வடிகாலை நோக்கி வாட்டம் சரிசெய்யச் சொல்லுங்கள். வடிகால் ஓரத்திலும் கதவோரத்திலும் கட்டரால் காடி வெட்டி, பி.யூ.வை அதற்குள் இறக்கி முடிக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பில்தான் முதலில் எழும்பும். வெயில் படும் இடத்தில் இது மஞ்சளாகும், பலம் குறையாது.

கிழங்கு சறுக்கி விழும் தகரச் சரிவு: எந்தப் பெயிண்டும் நிற்காது, காசை வீணாக்காதீர்கள். தேய்ந்ததும் கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடோ, கெட்டியான பாலிஎத்திலீன் ஷீட்டோ உள்ளே போல்ட் செய்யுங்கள். விற்பனையாளர் ‘தேய்மானம் தாங்கும்’ என்று சொன்னால் டேபர் சோதனை முடிவைக் கேளுங்கள். 1 கிலோ எடை வைத்த சக்கரத்தை 1,000 சுற்று தேய்த்து, எத்தனை மில்லிகிராம் கரைந்தது என்று சொல்லும் எண் அது. குறைவாக இருந்தால் நல்லது. இரண்டு பெயிண்டுகளை ஒப்பிடும்போது ஒரே வகைச் சக்கரமா, ஒரே எடையா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை காய்ந்த நிலையில் நடப்பது. உங்கள் ஆலையில் மணலும் புளித்த நீரும் சேர்ந்து வருகின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

பால் தொட்டி: உணவு படும் இடம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வெள்ளை மாவில் ஒரு பெயிண்ட் சில்லு விழுவதை நீங்களே விரும்பமாட்டீர்கள். டைல்ஸ் ஒட்டிய தொட்டி என்றால் டைல்ஸ் அப்படியே இருக்கட்டும். இடைவெளிகளில் அமிலம் தின்ற சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் நிரப்புங்கள். புதிதாகக் கட்டுவதானால் எஸ்.எஸ்.

வறுக்கும் தட்டுகளின் புகைபோக்கிக்குச் சிலிக்கோன் பிசினில் செய்த ஹீட் ரெசிஸ்டன்ட் அலுமினியம் பெயிண்ட்; மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும், தடிமனாக அடித்தால் சூட்டில் உப்பி உரியும். எபாக்ஸி அங்கே கருகிவிடும்.

டிரஸ்ஸும், அப்பாவின் எனாமலும்

உங்கள் அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வருடா வருடம் ஒருவர் ஏணி ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிடுகிறார். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஆனால் ரெட் ஆக்சைடும் எனாமலும் ஆல்கைடு பிசின் வகை. ஈரப்பதமும் அமில ஆவியும் உள்ள கூடத்துக்கு அவை போதாது. கூரைத் தகடு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால், அதன் மேல் நேரடியாக அடித்த எனாமல் எப்படியும் உரியும். துத்தநாகத்தோடு சேர்ந்து ஆல்கைடு சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஜி.ஐ.க்கு அதற்கென்றே உள்ள பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 12944 என்ற தரக்குறிப்பு, சூழல் இரும்பை எவ்வளவு அரிக்கும் என்று சி1-இலிருந்து சி5 வரை பிரிக்கிறது. ஈரம் மிகுந்த உணவு ஆலைக் கூடம் அதில் சி3. புளித்த வடிகாலுக்கு நேர் மேலே உள்ள டிரஸ்ஸை சி4 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. துத்தநாகம் நிறைந்த ‘ஜிங்க் பிரைமர்’ அடித்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். அதற்கு எஸ்.ஏ. 2½ என்ற சுத்த அளவுக்கு பிளாஸ்டிங் (தூளை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுப்பது) செய்து வெளுத்த இரும்பு வேண்டும். அமிலம் துத்தநாகத்தையே தின்றுவிடும் என்பதால், மேல்பூச்சு இல்லாமல் அதை விடவும் முடியாது. மேலே நிற்கும் பழைய டிரஸ்ஸை அந்த அளவுக்கு பிளாஸ்டிங் செய்வது உங்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவராது. யாராவது ஆற்று மணலால் பிளாஸ்டிங் செய்கிறேன் என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் உண்டாக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் மாவுப் பிசுக்கையும் புகையையும் கழுவுங்கள். பிறகு பவர் பிரஷ், கிரைண்டரால் தளர்ந்த துருவையும் பழைய பெயிண்டையும் எடுத்துவிட்டு, எபாக்ஸி மாஸ்டிக் (முழுதாகச் சுத்தமாகாத இரும்பிலும் பிடிக்கும் தடித்த எபாக்ஸி) இரண்டு கோட், கோட்டுக்கு 100 முதல் 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முதல் கோட்டுக்கு முன் வெல்டிங், போல்ட், விளிம்பு இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை. துரு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் கூர்மையான இடத்தில் பெயிண்ட் தானாகவே விலகி மெலிந்துவிடும். வெளியே வெயில் படும் இரும்புக்கு மேல் கோட்டாக 50 மைக்ரான் பாலியூரித்தேன். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு போல வெளுக்கும். பாலியூரித்தேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்பவருக்கு அது நிரந்தர ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது; முகத்தில் கட்டும் துணி போதாது, காற்று செலுத்தும் முகமூடி வேண்டும்.

செலவைப் பற்றி அப்பாவிடம் பேசும்போது லிட்டர் விலையை வைத்துப் பேசாதீர்கள். பெயிண்டின் தகவல் தாளில் ‘வால்யூம் சாலிட்ஸ்’ (காய்ந்த பிறகு மிஞ்சும் பங்கு) என்று ஒரு சதவீதம் இருக்கும். அதைப் 10-ஆல் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் பிடிக்கும் என்று வரும். 80 சதவீத மாஸ்டிக் 125 மைக்ரானில் 6.4 சதுர மீட்டர். 40 சதவீத எனாமல் 30 மைக்ரானில் 13 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிரஸ் போன்ற ஒல்லியான இரும்பில் சேதாரத்துக்குத் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் சாரம், கூலி, ஆலை நிற்கும் நாள் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை வருடம் நிற்கும் என்பதால் வகுத்துக் காட்டுங்கள். மாஸ்டிக் முதல் தடவை நிச்சயம் கூடுதலாகத்தான் வரும். வருடந்தோறும் கட்டும் சாரமும் கூலியும்தான் கணக்கை மாற்றுகின்றன.

நேரமும் முக்கியம். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் தகடு கை வைக்க முடியாமல் சுடும். அதில் அடித்தால் தின்னர் பறந்து, பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரவென்று நிற்கும். தரைக்கு இன்னொரு நுணுக்கம். காலையில் கான்கிரீட் சூடாக ஆக அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும், பிரைமரில் ஊசித்துளை விழும். எபாக்ஸி தரை எங்காவது போடுவதானால் (பேக்கிங் அறைக்கு அது நன்றாகவே ஆகும்) பிரைமரைச் சாயங்காலம், சூடு இறங்கும்போது அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் தயாராகவில்லை.

10 வருட கேரண்டி

நான் மேலே சொன்ன தரக்குறிப்பு, நடுத்தர ஆயுள் என்றால் 7 முதல் 15 வருடம், அதிக ஆயுள் என்றால் 15 முதல் 25 வருடம் என்று வகைப்படுத்துகிறது. அதே தரக்குறிப்பு, அந்தக் காலம் பராமரிப்பைத் திட்டமிடுவதற்கு மட்டுமே, கேரண்டி அல்ல என்றும் சொல்கிறது. விற்பனையாளரின் கேரண்டித் தாளை முழுதாகப் படியுங்கள். பொதுவாக இவை பெயிண்டை மட்டும் திரும்பத் தரும். கூலி, சாரம், உற்பத்தி நஷ்டம் வராது. தகவல் தாளில் சொன்னபடி மேற்பரப்பைத் தயார் செய்யவில்லை என்றால் அதுவும் கிடையாது. எனவே ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கிரைண்டிங் முடிந்ததும் நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரைமர், இரும்பில் காய்ந்த தடிமனை மீட்டரால் அளந்து காட்டுவது, தரையில் ஒட்டுவலிமையை இழுத்துப் பார்க்கும் சோதனை, குறைந்தது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன், பேட்ச் எண்ணும் கலந்த நேரமும் எழுதிய நோட்டு. கடைசித் தவணைப் பணத்தை இந்த அளவுகள் சரியாக வந்த பிறகு கொடுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றம்

இங்கே உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குபவரை நுகர்வோர் என்று கணக்கில் எடுப்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆட்களை வைத்து நடத்தும் சேகோ ஆலைக்கு அந்த விலக்கைக் கேட்பது கடினம். ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்குப் போட வழி இருக்கிறது, பொதுவாக 3 வருடத்துக்குள். நான் பூச்சு வேலை தெரிந்தவன். வழக்கின் பலத்தை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது பில், டப்பாக்களின் படம், உரிந்த சில்லுகள், எந்தத் தேதியில் தண்ணீர் விட்டீர்கள் என்பது எல்லாம் கையில் இருக்கட்டும். இரண்டாம் நாளே தண்ணீர் விட்டது உங்கள் பக்கத்துப் பலவீனம். காண்ட்ராக்டர் அப்போது எச்சரித்தாரா என்பதைப் பொறுத்துத்தான் அது நிற்கும். அவரை நேரில் கூப்பிட்டுச் சில்லின் பின்பக்கத்தைக் காட்டி, புதுத் தரைக்கான கிரைண்டிங் வேலையைச் செலவில்லாமல் செய்து தரச் சொல்லிப் பாருங்கள். வழக்கைவிட அது சீக்கிரம் முடியும்.

மச்சானின் பல்ப்பர் ஷெட்

ஏற்காட்டில் எதிரி வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் மூடுபனியும். இரும்பின் சூடு, காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. காலையில் 18 டிகிரி, 90 சதவீத ஈரம் என்றால் பனி படியும் புள்ளி 16-க்கு மேல். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும் தகட்டிலும் ஈரம் படிந்திருக்கலாம். அதன் மேல் எபாக்ஸி அடித்தால் பிடிக்காது. குளிரில் இறுகும்போது மேலே வெள்ளையாகப் பிசுபிசுப்பு படரும். அதைக் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் அந்தக் கோட்டும் உரிந்துவிடும். எனவே அறுவடைக்கு முன், காய்ந்த வெயில் நாட்களில், காலை பத்து மணிக்கு மேல் தொடங்கிச் சாயங்காலம் பனி இறங்குவதற்கு வெகு முன்னால் நிறுத்தட்டும். கூரைத் தாங்கிகளுக்கு உங்கள் டிரஸ்ஸுக்குச் சொன்ன அதே மாஸ்டிக், ஆனால் குளிரில் இறுகும் ஹார்டனரோடு. காபிப் பழச்சாறும் புளித்து அமிலமாவதால் ஊறவைக்கும் தொட்டிக்கு டைல்ஸும் எபாக்ஸி கிரவுட்டும். ஷெட்டில் பழைய செந்நிற ஈயப் பிரைமர் இருந்தால் காய்ந்தபடியே தேய்க்க வேண்டாம், ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டிய தூளைக் காபிச் செடிப் பக்கம் கொட்டாமல் மூட்டையில் கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கட்டும்.